அழுகை அடங்கிய பொம்மை: வெண்ணாற்றங்கரைப் பயிற்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பொம்மை அழுகையை நிறுத்தியதும் சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பாயி ஒருவர் சிரித்துவிட்டார். “பாத்தியா, ரெண்டு குலுக்கு குலுக்கினதும் அடங்கிடுச்சு” என்று பக்கத்தில் இருந்தவளின் தொடையில் தட்டினார். பொம்மையின் கண்ணாடி போன்ற தலைக்குள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. யாரும் அதைக் கவனிக்கவில்லை. கால் மணி நேரமாகக் காதைத் துளைத்த சத்தம் ஓய்ந்ததே என்ற நிம்மதிதான் எல்லா முகத்திலும் இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கைக்குழந்தையைக் குலுக்கக் கூடாது என்று கற்பிக்கக் கொண்டுபோன பொம்மை, முதல் நாள் அதற்கு நேர் எதிரானதைக் கற்பித்துவிட்டுத் திரும்பியது. ஏன் அப்படி ஆனது, அப்புறம் எதை மாற்றினோம், எது இன்னும் சரிவரவில்லை என்பதை நடந்தபடி எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி சின்னச் சின்ன விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சமுதாய நலப் பாடம் எடுப்பவள். இடம், நீடாமங்கலத்துக்குக் கிழக்கே வெண்ணாற்றை ஒட்டிய ஒரு கிராமத்துத் துணை சுகாதார நிலையம். புதன்கிழமை, தடுப்பூசி நாள். சம்பா நடவு மும்முரமாக இருந்தும் 22 பேர் வந்திருந்தார்கள்: கைக்குழந்தைக்காரிகள், கர்ப்பிணிகள், அவர்களின் மாமியார்கள், அம்மாக்கள், தம்பியை இடுப்பில் வைத்திருந்த 11 வயது அக்கா ஒருத்தி. ஆண் ஒருவர்கூட இல்லை. பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

பொம்மையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை அமெரிக்காவில் செய்யப்படுவது. நிஜக் குழந்தையின் அளவு, ஒளி ஊடுருவும் தலை. பொத்தானை அழுத்தினால் அழத் தொடங்கும். தோளில் போட்டாலும் தட்டிக் கொடுத்தாலும் அழுகை நிற்காது. குலுக்கினால் தலைக்குள் இருக்கும் கருவி அந்த வேகத்தைக் கணக்கிட்டு, மூளையில் எந்தெந்தப் பகுதி அடிபடும் என்று விளக்கெரித்துக் காட்டும். அதோடு அழுகையும் சட்டென்று நின்றுவிடும். செய்தவர்களின் எண்ணம் புரிகிறது: அந்தத் திடீர் அமைதியில் பார்ப்பவர்களின் வயிறு கலங்க வேண்டும். ஆனால் அந்த அமைதி எதனால் வருகிறது என்று முன்பே தெரிந்தவர்களுக்குத்தான் வயிறு கலங்கும். நான் முதலில் வேடிக்கையைக் காட்டிவிட்டு அப்புறம் விளக்கம் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். தவறு என்னுடையது.

உள்ளே என்ன நடக்கிறது

பிறந்த குழந்தையின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலைதான். பெரியவர்களுக்கும் அதே கணக்கு என்றால் ஐந்தரை அடி ஆளுக்கு ஒன்றேகால் அடிக்கு மேல் தலை இருக்க வேண்டும். அதைத் தாங்க வேண்டிய கழுத்து நிற்பதற்கு மூன்று, நான்கு மாதம் ஆகிறது. பிள்ளைத்தமிழில் குழந்தை தலையை நிமிர்த்தி ஆடுகிற செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதத்தில் வைத்தவர்கள் பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். மூளையோ நீர்ச்சத்து மிகுந்தது. நாகூர், முத்துப்பேட்டைப் பக்கம் நோன்புக் காலத்தில் காய்ச்சும் கடல்பாசி சரியாக இறுகாமல் தளதளவென்று இருக்குமே, அந்தப் பதம்.

விலாவில் இரண்டு கையையும் கொடுத்துப் பிடித்து வேகமாகக் குலுக்கும்போது தலை முன்னும் பின்னும் வெட்டி வெட்டி இழுபடுகிறது. மண்டையோட்டுக்குள் மூளை சுழல்கிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து அதைச் சுற்றியுள்ள உறைக்குப் போகும் மெல்லிய ரத்தநாளங்கள் அறுந்து ரத்தம் தேங்குகிறது. மூளை வீங்கி, மூச்சு தடுமாறுகிறது. கண்ணின் விழித்திரையிலும் ரத்தம் கசியலாம். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் போகலாம். இப்படி மருத்துவமனைக்கு வந்து சேரும் குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று இறப்பதாக மேலைநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. பிழைப்பவர்களில் பலருக்குப் பார்வைக் கோளாறு, வலிப்பு, கைகால் இறுக்கம், படிப்பில் தடுமாற்றம் என்று ஏதாவது ஒன்று கூடவே வருகிறது.

இதில் மிக மோசமான விஷயம், மூளை அயர்ந்த குழந்தை அழாது என்பது. பார்க்கிறவர்களுக்குத் தூங்குவது போலத் தெரியும். குலுக்கியவருக்கோ கைமேல் பலன் கிடைத்தது போல இருக்கும். அடுத்த நாள் அந்தி அழுகைக்கும் கை அங்கேயேதான் போகும். அப்பாயி சிரித்தது இதைத்தான். அவர் மீது குறையே இல்லை, கண் முன்னால் நடந்ததை அப்படியே படித்துச் சொன்னார்.

கத்கெல்ச் என்ற பிரிட்டிஷ் மூளை அறுவை மருத்துவர் 1971இல் எழுதிய கட்டுரையில்தான் வெளிக்காயம் இல்லாத இந்த ரத்தக்கசிவைக் குலுக்கலோடு சேர்த்துப் பேசினார். மறு ஆண்டே ஜான் கேஃபி என்ற அமெரிக்க மருத்துவர் அதை விரிவாக எழுதினார். கத்கெல்ச் சொன்னதில் ஒன்று எனக்கு மறக்கவில்லை: அவர் ஊர்ப் பக்கத்துப் பெற்றோர் பிள்ளையை அடிப்பதைத்தான் தப்பு என்று நினைத்தார்கள், குலுக்குவதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வட இங்கிலாந்துக்கும் வெண்ணாற்றுக்கும் இதில் தூரமே இல்லை. “பச்சப்புள்ளய யாராச்சும் அடிப்பாங்களா?” என்று நம் ஊரிலும் எல்லோரும் கேட்பார்கள். குலுக்குவது அந்தக் கேள்விக்குள் வராது.

அந்தி அழுகை

பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1962இல் வெளியிட்ட ஆய்வுக்காக 80 குழந்தைகளின் தாய்மார்களிடம் அழுகைக்குக் கணக்கு வைக்கச் சொன்னார். நோய்நொடி இல்லாத, நன்றாகப் பால் குடிக்கிற குழந்தைகள். இரண்டாம் வாரத்தில் ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்த அழுகை, ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாக ஏறியது. அப்புறம் மெல்ல இறங்கிவிட்டது. அதிலும் சாயங்காலம்தான் அதிகம். நம் வீடுகளில் விளக்கு வைக்கிற நேரத்து அழுகைக்குத் திருஷ்டி சுற்றிப் போடுகிறார்கள், உரைமருந்து கொடுக்கிறார்கள், தாய் தின்ற பலாப்பழத்தின் மேல் பழி போடுகிறார்கள். சுற்றிப் போடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஒரு வேலை கிடைத்து ஐந்து நிமிடம் கழிகிறது, அவ்வளவுதான்.

ஒரு இடைவெளி மட்டும் எனக்கு உறுத்துகிறது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை வீட்டுக்கு வந்து பார்க்கும் தேசியத் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. 42ஆம் நாள் என்றால் ஆறு வாரம், அழுகை உச்சிக்கு ஏறும் நேரம். அத்தோடு வீட்டுக்கு வருவது நின்று, அடுத்த வருகை மூன்றாம் மாதம்தான். நடுவில் தாயும் பிள்ளையும் சுகாதாரத் துறையின் கண்ணில் படுவது தடுப்பூசிக்கு வரும்போது மட்டுமே. ஆகவே பயிற்சியை ஆறாம் வாரம், பத்தாம் வாரம் ஊசி போட வருகிறவர்களை மனத்தில் வைத்து அமைப்பது என்று முடிவு செய்தோம்.

இரண்டாம் முறை

அடுத்த மாதம் போனபோது பேட்டரிப் பொம்மையைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். பழைய கைத்தறிப் புடவையில் ஒரு பொம்மை தைத்து, பச்சரிசி நிரப்பி, மூன்று கிலோவுக்குக் கொண்டுவந்திருந்தோம். தலையில் அரிசியை அழுத்தித் திணித்துவிட்டுக் கழுத்தை வேண்டுமென்றே தளர்வாக விட்டிருந்தோம். கையில் வாங்கியதுமே எல்லோருடைய இடது கையும் தானாகத் தலைக்கு அடியில் போனது. அதற்கு விளக்கு எதுவும் தேவைப்படவில்லை.

கூடவே ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் எடுத்துப் போனோம். புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ப் பொம்மை, அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டு அலமாரியில் நிற்பது. அதைத் தள்ளினால் ஆடிவிட்டு நிமிர்ந்து நிற்கும், ஏனென்றால் அடி கனம், தலை லேசு. அரிசிப் பொம்மையைப் பக்கத்தில் உட்கார வைத்து விட்டதும் தலை முன்னால் விழுந்து கவிழ்ந்தது. “இதுக்கு தல கனம், அடி லேசு” என்று அந்த 11 வயதுக்காரி சொன்னாள். நான் சொல்ல வைத்திருந்த வாக்கியம் அதுதான். அவள் சொன்னதே நன்றாக இருந்தது.

மூளைக்கு, மூடி போட்ட கண்ணாடி டப்பாவில் தண்ணீர் ஊற்றி, முட்டையை உடைத்து மஞ்சள் கலங்காமல் விட்டோம். தூளி ஆட்டுவது போல டப்பாவை ஆட்டினால் மஞ்சள் மெல்ல ஆடியது, உடையவில்லை. வெடுக்கென்று நாலு முறை குலுக்கியதும் டப்பா முழுக்க மஞ்சள் தண்ணீர். இது ஒரு ஒப்புமைதான், மூளை முட்டை அல்ல. ஆனாலும் தூளியைப் பற்றிய பயம் அந்த இடத்தில் போய்விட்டது. அந்தப் பயம் போக வேண்டியது அவசியம். முதல் கூட்டத்துக்குப் பிறகு இரண்டு வீடுகளில் தூளியை அவிழ்த்துவிட்டார்கள் என்று கிராம சுகாதாரச் செவிலியர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீராகத் தூளி ஆட்டுவதாலோ, மடியில் வைத்துச் சாய்ந்தாடம்மா ஆடுவதாலோ, ஏப்பம் விடத் தட்டுவதாலோ இந்தக் காயம் வராது. அக்கா தம்பியைத் தூளியில் வைத்து உத்தரம் வரை வீசுவது வேறு கதை. அங்கே பயம் குலுக்கல் அல்ல, கீழே விழுவதும் சுவரில் மோதுவதும்.

அப்போதுதான் முதல் நாள் சிரித்த அதே அப்பாயி கேட்டார்: “அப்ப உரம் எடுக்கறது?”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இதை அவர் கேட்காமல் நானாக எடுத்திருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். குழந்தை ஓயாமல் அழுதால், தூக்கும்போது வீறிட்டால், உரம் விழுந்துவிட்டது என்பார்கள். உரம் எடுக்க ஊருக்கு ஊர் ஒரு கைப்பக்குவம். புடவையில் கிடத்தி இரண்டு பக்கமும் இருவர் பிடித்து மெல்ல உருட்டுவது ஒன்று. முறத்தில் போட்டு அசைப்பது ஒன்று. குளிப்பாட்டி முடித்ததும் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஒரு உதறு உதறுவது இன்னொன்று. இந்த அப்பாயிதான் அந்தத் தெருவுக்கே உரம் எடுப்பவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சரி என்று பேட்டரிப் பொம்மையை வெளியே எடுத்து அவரிடமே கொடுத்தேன். புடவையில் உருட்டினார்; விளக்கு எரியவில்லை. காலைப் பிடித்துத் தலைகீழாக ஒரு உதறு. இரண்டு இடத்தில் எரிந்தது. இன்னொரு முறை செய்தார், மூன்று இடத்தில். பொம்மையைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். “நாங்க இப்படித்தானே எல்லாத்தயும் வளத்தோம்” என்றார். பதில் சொல்லாமல் இருந்தேன். சிறிது நேரம் கழித்து அவரே, “சரி, புடவைல உருட்டறத மட்டும் வெச்சுக்கறேன்” என்றார்.

அதையும் விட்டுவிடுங்கள், ஓயாமல் அழுகிற குழந்தையை டாக்டரிடம் காட்டுங்கள் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். விளக்கு எரியாததால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. அது கற்பிக்கும் கருவி, அளக்கும் கருவி அல்ல. இப்படி அழுகிற பிள்ளைக்குக் காதுவலியோ குடலிறக்கமோ இருக்கலாம். இதைச் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு புதன்கிழமை பிடித்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர் உதறுவதையும் விட்டிருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. தப்பாகவும் இருக்கலாம்.

கூட்டம் கலைந்த பிறகு

அன்று எல்லோரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் நின்றாள். 23 வயது, முதல் பிள்ளை, 47 நாள். கணவர் சிங்கப்பூரில். முதல் பிரசவம் தாய்வீட்டில். ஆனால் அவளுடைய அம்மா நடவுக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்பதால் நாற்பதாம் நாளே மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமியாரும் பகலெல்லாம் வயலில்.

“மூணு நாள் முன்னாடி, டீச்சர். அடிக்கல. சாயந்திரத்துலேருந்து கத்திக்கிட்டே இருந்தான். இப்படிப் பிடிச்சு ரெண்டு தடவ…” கையைக் காட்டினாள்.

“அப்புறம்?”

“தூங்கிட்டான். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இன்னிக்கு நீங்க சொன்னப்பதான்…”

குழந்தை நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தான். உச்சிக்குழி புடைத்திருக்கவில்லை, வாந்தியோ வெட்டி இழுப்போ இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும், எழுப்ப எழுப்ப எழாவிட்டாலும், நேரம் கடத்தாமல் 108தான். எதுவும் இல்லை என்றாலும் பார்த்துவிடுவது நல்லது என்று செவிலியர் அன்றே அவர்களைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி முக்கியம். அந்த ஊசி போடாத குழந்தைக்கு யாரும் தொடாமலே மூளையில் ரத்தம் கசியலாம். ரத்தம் உறைவதில் பிறவிக் கோளாறு இருந்தாலும் அப்படித்தான். ரத்தக்கசிவைக் கண்டதும் குலுக்கல்தான் என்று தீர்ப்பு எழுதுவதைப் பற்றி உலகம் முழுக்க வழக்கும் வாதமும் நடக்கின்றன. முதுமையில் கத்கெல்ச்சே அந்த அவசரத்தைக் கண்டித்தார். இந்தக் குழந்தைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

தாய்க்கு இருந்தது. வாசலில் பதிவு போட்டவர், பத்துப் பேர் கேட்க, “பெத்த புள்ளய என்னம்மா பண்ணின?” என்று கேட்டிருக்கிறார். திரும்பி வரும்போது பேருந்தில் அவள் வாயே திறக்கவில்லை என்றார் செவிலியர். தானாக வந்து சொன்ன ஒருத்தியை இப்படி வரவேற்றால் அடுத்தவள் ஏன் வந்து சொல்லப் போகிறாள்? எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு. அழைத்துப் போகும் முன் அங்கே ஒரு வார்த்தை பேசி வைத்திருக்க வேண்டும். அவளுக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவியின் 14416 எண்ணை எழுதிக் கொடுத்தோம். ஆனால் அவளுக்கு உண்மையில் உதவியது, மாமியார் அந்தி வேலையை விட்டுவிட்டு ஐந்து மணிக்கே வீடு திரும்பத் தொடங்கியதுதான். அந்த மாமியார்தான் உரம் எடுக்கும் அப்பாயி.

ஆண்கள்

குழந்தையைக் குலுக்கியவர் யார் என்று பார்த்த மேலைநாட்டு ஆய்வுகளில் ஆண்களே அதிகம். நாங்களோ பெண்களுக்கே திரும்பத் திரும்பப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். கணவர்களும் வருவார்கள் என்று சமுதாய வளைகாப்பு ஒன்றுக்குப் பொம்மையைக் கொண்டுபோனோம். அது இன்னொரு தோல்வி. பேட்டரிப் பொம்மை இளைஞர்கள் கைக்குப் போனதும் இளவட்டக்கல் தூக்குகிற போட்டி மாதிரி ஆகிவிட்டது. “மாப்ள, எனக்கு நாலு லைட்டு எரிஞ்சிச்சு, ஒனக்கு?” நான் பொம்மையைப் பிடுங்கிப் பையில் போட வேண்டியதாயிற்று.

பொம்மைகள் நாம் நினைப்பதைத்தான் கற்பிக்கும் என்று நம்புவதற்கில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 57 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2016இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அது வேறு பொம்மை: பதின்வயதுப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளை வளர்ப்பின் கஷ்டத்தை உணர்ந்து, சின்ன வயதில் தாயாவதைத் தவிர்க்கட்டும் என்று கொடுத்தது. பொம்மை எடுத்துப்போனவர்களில் 8 விழுக்காட்டினர் இருபது வயதுக்குள் பிள்ளை பெற்றார்கள், எடுத்துப்போகாதவர்களில் 4 விழுக்காட்டினர்தான். குலுக்கலைத் தடுக்கும் பாடத்திலும் இதே இழுபறி. நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பிரசவ வார்டிலேயே பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்ததில் இந்தக் காயம் 47 விழுக்காடு குறைந்தது என்று ஒரு மருத்துவரும் அவருடைய குழுவும் 2005இல் எழுதினார்கள். அதே மருத்துவர் பென்சில்வேனியா மாநிலம் முழுக்க அதைச் செய்து பார்த்தபோது, மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை என்று 2017இல் ஒளிவு மறைவில்லாமல் எழுதினார். எனக்கு அந்த இரண்டாவது கட்டுரைதான் பிடித்திருக்கிறது.

இப்போது நாங்கள் சொல்வது ஒன்றைத்தான், அதையும் அரிசிப் பொம்மையைக் கையில் கொடுத்துச் செய்ய வைக்கிறோம். பசியா, ஈரமா, காய்ச்சலா என்று பார். எதுவும் இல்லை, ஆனாலும் அழுகிறது, உனக்குக் கை நடுங்குகிறது என்றால், பாயில் மல்லாக்கப் போடு. சுற்றித் தலையணை, துணி எதுவும் வேண்டாம். கதவைத் தாண்டி வெளியே போ. ஐந்து, பத்து நிமிடம் கழித்து வந்து பார். அழுது எந்தக் குழந்தையும் செத்துப்போகாது. இதை ஒவ்வொருவரும் எழுந்து செய்து காட்ட வேண்டும். பெண்களுக்கு மிகக் கடினமாக இருப்பது கடைசிப் பகுதி. பாதிப் பேர் வாசற்படியிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

ஆண்களைக் கடைசியில் பால் சொசைட்டியில்தான் பிடித்தோம். காலை ஆறு மணி, கையில் கேன், வரிசை நகரும் வரை எங்கும் போக முடியாது. அன்று பேட்டரி தீர்ந்திருந்ததால் அரிசிப் பொம்மை மட்டும். ஒருவர் நியாயமான கேள்வி கேட்டார்: “வெளிய போன்னா எங்க டீச்சர் போறது? ஒரே ரூம், ஐப்பசி மழ.” என்னிடம் பதில் இல்லை. வரிசையில் முன்னால் நின்ற பெரியவர் திரும்பாமலே சொன்னார்:

“கொல்லைக்குப் போயி அடிபம்புல பத்துக் கொடம் தண்ணி அடி. நனஞ்சா நனஞ்சுட்டுப் போற.”